தொட்டுக் காட்டுவதா, சொல்லி ஏவுவதா?

எங்கள் ஊர்ச் சந்தியில் முன்பு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. வாங்க வருகிறவர்கள் அதனுள்ளே காலடி வைப்பதில்லை. மேசைக்கு இப்பால் நின்று, "மல்லி அரை இறாத்தல், செத்தல் மிளகாய் கால் இறாத்தல், நல்லெண்ணெய் ஒரு போத்தல்" என்று சொல்ல வேண்டும். முதலாளி எடுத்து நிறுத்துச் சுற்றித் தருவார். சாமானின் பெயர் தெரியாதவனுக்கு அங்கே வேலையில்லை. பெயர் தெரிந்தவனோ இருபது சாமானுக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்துவிட்டுத் தபாற் கந்தோருக்குப் போய் வரலாம். திரும்பி வரும்போது பொட்டலங்கள் தயாராக இருக்கும். இன்றைய பெருங்கடைகளில் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு தட்டுத் தட்டாகப் பார்த்துப் போகிறோம். பெயர் தெரிய வேண்டியதில்லை. கண் இருந்தாற் போதும். ஆனால், இருபது சாமானுக்கும் இருபது தரம் குனிந்து நிமிர வேண்டியவர் நாமேதாம்.

கணினியிடம் வேலை வாங்குவதிலும் இவ்விரு வழிகளும் உள்ளன. திரையிலே தெரியும் சிறு படங்களைச் சுட்டியினால் தொட்டு, இழுத்து, திறந்து வேலை செய்வது ஒன்று. வீடுகளில் நாம் அறிந்தது பெரும்பாலும் அதுவே. பாடப் புத்தகங்கள் அதனை வரைவியற் பயனர் இடைமுகம் என்று நீட்டிச் சொல்லும். மற்றது, வெறுந்திரையிலே ஒரு வரி எழுதி ஏவுவது. அதற்குக் கட்டளை வரி என்று பெயர். இரண்டில் எது நல்லது என்று இளைஞர்களிடையே ஓயாத வழக்கு நடக்கிறது. எங்கள் வீட்டிலும் அவ்வழக்கு நடந்தது. அதன் முடிவில் நான் பட்ட பாட்டைப் பின்னே சொல்கிறேன்.

முதலிலே தோன்றியது கட்டளை வரிதான். அமெரிக்காவில் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் 1969 ஆம் ஆண்டு யுனிக்ஸ் என்னும் அமைப்பை உருவாக்கத் தொடங்கிய காலத்தில், கணினியோடு பேசுவதற்குப் பலரிடம் இருந்தது டெலிடைப் எனப்படும் தட்டெழுத்து யந்திரமே. நாம் தட்டுவதையும் கணினி சொல்லும் மறுமொழியையும் அது கடதாசியில் அடித்துக் காட்டும். அக்காலத்தில் பரவலாக வழங்கிய ஒரு வகை யந்திரம் விநாடிக்குப் பத்து எழுத்துக்களையே அடிக்க வல்லது. விசைகளை அழுத்துவதற்கும் விரலிலே பலம் வேண்டும். ஆகவே சொற்களைச் சுருக்கினார்கள். பட்டியல் கேட்க 'எல்.எஸ்.', பிரதி எடுக்க 'சி.பி.', இடம் மாற்ற 'எம்.வி.', அழிக்க 'ஆர்.எம்.' என்று இரண்டிரண்டு எழுத்துக்களில் முடிந்துவிட்டன. அரை நூற்றாண்டு கடந்தும் யுனிக்ஸின் வழிவந்த லினக்ஸிலே அதே ஈரெழுத்துக்கள்தாம் வழங்குகின்றன. கடதாசியும் மையும் போய்விட்டன. சிக்கனம் மட்டும் நிலைத்துவிட்டது.

இன்னொரு குணமும் அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது. சொன்ன வேலை சரியாக முடிந்தால் யுனிக்ஸ் வாய் திறப்பதில்லை. பிழை நேர்ந்தால் மட்டுமே முணுமுணுக்கும். இந்த மௌனத்தை வாசகர்கள் மனத்திலே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சுட்டியின் வரலாறு வேறு திசையிலிருந்து வந்தது. டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் பொறியியலாளர் 1968 டிசம்பர் 9 ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு பெருங் கூட்டத்தின் முன் சுட்டியை இயக்கிக் காட்டினார். சில ஆண்டுகளுக்கு முன் அவர் குழுவினர் செய்த முதற் சுட்டி மரப்பெட்டியால் ஆனது. அடியிலே இரண்டு சில்லுகள் இருந்தன. பின்னர் செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுகூடத்தில் 1973 இல் உருவான ஆல்டோ என்னும் கணினியில், யன்னல்களும் சுட்டியும் ஒன்றாகக் கூடின. சாதாரண மக்களுக்கு அவற்றை எட்டச் செய்தது 1984 ஜனவரியில் வெளிவந்த மக்கின்டொஷ். அதன் விலை 2,495 டொலர். 'எட்டச் செய்தது' என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அந்நாளில் அது எங்கள் தெருவில் எவருக்கும் எட்டியிராது.

நான் கொழும்பில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தபோது, 1990 ஆம் ஆண்டளவில், எங்களுக்கு வாய்த்தது கறுப்புத் திரையில் பச்சை எழுத்துக்கள் மினுங்கும் ஒரு கணினியே. ஓர் எழுத்துப் பிசகினாலும், பிழையான கட்டளை அல்லது கோப்புப் பெயர் என்று ஆங்கிலத்தில் ஒரே பல்லவியைப் பாடும். பிழை கட்டளையிலா பெயரிலா என்று சொல்லாது. எங்கள் பிரதம லிகிதர் ஏழெட்டுக் கட்டளைகளை ஒரு கடதாசியில் எழுதிச் சுவரிலே ஒட்டியிருந்தார். அவர் லீவில் நின்ற ஒரு நாள் மின்விசிறிக் காற்றில் அக்கடதாசி பறந்துவிட்டது. அன்று பிற்பகல் முழுவதும் கந்தோரில் வேலை நடக்கவில்லை.

அந்த நிலையில் இருந்தவர்களுக்கு யன்னல்களும் சிறு படங்களும் எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும் என்பதை இன்றைய பிள்ளைகள் ஊகிப்பது கடினம். நினைவிலே வைத்திருந்து சொல்வது வேறு, கண்ணாற் கண்டு தெரிந்தெடுப்பது வேறு. முன்னையது பாடமாக்கும் வேலை. பின்னையது அடையாளங் காணும் வேலை. மனித மூளைக்கு இரண்டாவதுதான் எளிது. 1990 இல் வந்த வின்டோஸ் 3.0 உடன் ஒரு சீட்டு விளையாட்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பொழுதுபோக்கு என்று நினைத்து இரவிரவாகச் சீட்டை இழுத்துப் போட்டவர்கள், தம்மை அறியாமலே சுட்டியைப் பிடித்து இழுக்கப் பழகிக்கொண்டார்கள். 1995 ஆகஸ்டில் வின்டோஸ் 95 வந்தபோது குப்பைக் கூடையும் கூடவே வந்தது. அழித்த கோப்பை அதிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். தவறு செய்கிறவன் மனிதன் என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

அப்படியானால் கறுப்புத் திரை எதற்கு என்று நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். என் தங்கையின் மகன் பல்கலைக்கழகத்திலே கணினி படிக்கிறான். என் பழைய மடிக்கணினி வின்டோஸைச் சுமக்க மாட்டாமல் திணறத் தொடங்கியதும், அவன் அதில் லினக்ஸை இட்டுத் தந்தான். ஒருநாள் நான் கொழுக்கட்டையைப் பற்றி முன்பு இப்பகுதியில் என்ன எழுதினேன் என்று பார்க்க விரும்பினேன். பழைய கட்டுரைகள் 412 கோப்புகளாகக் கிடந்தன. நான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்ததை அவன் சற்று நேரம் பொறுமையோடு கவனித்தான்.

"மாமா, இப்படியே போனால் அடுத்த ஆடிப் பிறப்பு வந்துவிடும். கொஞ்சம் எழும்புங்கள்" என்றான்.

கதிரையில் அமர்ந்து ஒரே வரி எழுதினான். கண்ணை மூடித் திறப்பதற்குள் இரண்டு கோப்புகளின் பெயர்களும், அச்சொல் வந்த வரிகளும் திரையில் நின்றன. அவன் உபயோகித்த 'கிரெப்' என்னும் கட்டளை, முன்னே சொன்ன கென் தொம்சன் எழுதியது. 1973 முதல் வழக்கில் இருப்பது. நான் வியந்து போனேன். எனினும் மூன்றாவதாக ஒரு கட்டுரை எழுதியது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அது ஏன் அகப்படவில்லை?

விசாரித்ததில் தமிழுக்கே உரிய ஒரு விநோதம் வெளிப்பட்டது. 'கொ' என்ற எழுத்தைக் கணினி இருவிதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒன்றாக வைப்பது ஒரு விதம். முன்னாலுள்ள கொம்பையும் பின்னாலுள்ள காலையும் இரண்டு துண்டுகளாக வைப்பது மற்றது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சொன்னதைச் சொன்னபடி தேடும் யந்திரத்துக்கு இரண்டும் வேறு. மூன்றாவது கட்டுரையை நான் வேறொரு விசைப்பலகை அமைப்பில் எழுதியிருந்தேன். இது கட்டளை வரிக்கு மட்டும் உள்ள குறையன்று. யன்னல்களில் உள்ள தேடற் கட்டங்கள் சிலவும் இதில் ஏமாறும். ஆனால், கறுப்புத் திரைக்குத் தமிழோடு வேறொரு பிணக்கு உண்டு. அங்கே ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலமுள்ள கட்டம் ஒதுக்கப்படுகிறது. ஆங்கில எழுத்துக்கள் அதில் ஒழுங்காக அமரும். நமது 'ணௌ'வும் 'ஞ'வும் ஒரே அகலத்தில் அடங்குமா? பல வேளைகளில் கொம்பு ஓரிடம், கால் ஓரிடமாகச் சிதறித் தெரியும். உள்ளே எழுத்துப் பழுதுபடுவதில்லை, பார்ப்பதற்குத்தான் வேதனை. தமிழில் எழுதி வாசிப்பதற்கு யன்னலே உகந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கட்டளை வரி என்பது படித்தவர்களின் வித்தை என்று எண்ணுவோருக்கு ஒன்று சொல்வேன். எங்கள் வீட்டில் அதனை மிகத் திறமையாகக் கையாண்டவர் என் அம்மா. தொடுதிரைத் தொலைபேசி அவருக்குப் பிடிக்கவில்லை. பொத்தான்கள் வைத்த சிறிய கைத்தொலைபேசி ஒன்றே இறுதிவரை அவரிடம் இருந்தது. மீதிப் பணம் எவ்வளவு என்று அறிய, சதுரக் குறி, சில இலக்கங்கள், மறுபடி சதுரக் குறி என்று கண்ணாடி அணியாமலே அழுத்திவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். அதுவும் கட்டளை வரியன்றி வேறென்ன? அதே விஷயத்தை அறிவதற்கு நான் ஒரு செயலியைத் திறந்து, விளம்பரத்தை மூடி, மூன்றிடங்களில் தொட்டு முடிப்பதற்குள் அவர் தொலைபேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டிருப்பார். பார்வையற்றவர்களுக்கும் எழுத்துத் திரையே நெடுநாள் துணையாக இருந்தது. எழுத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டும் நிரல்களுக்கு அது இலகுவானது. எல்லாம் படமாக மாறிய காலத்தில் அவர்கள் பெரிதும் இடர்ப்பட்டார்கள். அந்நிரல்கள் யன்னல்களையும் வாசிக்கப் பழகுவதற்குப் பல ஆண்டுகள் சென்றன.

இனி என் கதைக்கு வருகிறேன்.

ஆனி மாதத்தில் என் மருமகளின் திருமணம் நடந்தது. என் கமெராவில் 612 படங்களும் தங்கை கணவரின் கமெராவில் 540 படங்களும் எடுத்திருந்தோம். அவற்றைக் கணினியில் ஓர் உறைக்குள் சேர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மருமகன் வீட்டில் இல்லை. கொழுக்கட்டை விவகாரத்துக்குப் பின் அவனிடம் நாலைந்து கட்டளைகள் பழகியிருந்த எனக்கு, சுட்டியைத் தொடுவதே கௌரவக் குறைவாகத் தோன்றிய காலம் அது. 'எம்.வி.' என்று எழுதி, எல்லாவற்றையும் குறிக்கும் நட்சத்திரக் குறியை இட்டு, உறையின் பெயரை எழுதினேன். என் அட்டையிலிருந்த படங்கள் உறைக்குள் போயின. மற்ற அட்டையைச் செருகி அதே வரியை மறுபடியும் ஏவினேன். யந்திரம் ஒன்றும் பேசவில்லை. மௌனம் வெற்றிக்கு அறிகுறி என்று எழுந்து போய்த் தேநீர் குடித்தேன்.

இரண்டும் ஒரே நிறுவனத்தின் கமெராக்கள். கமெரா தான் எடுக்கும் படத்துக்கு நான்கு எழுத்தும் நான்கு இலக்கமுமாகப் பெயர் வைக்கும். என் படங்கள் 4210 முதல் 4821 வரை; அவருடையவை 4473 முதல் 5012 வரை. நடுவிலே 349 இலக்கங்கள் இரண்டிலும் பொது. அவர் படம் ஒவ்வொன்றும் உறைக்குள் வந்தபோது, அதே பெயரோடு அங்கே இருந்த என் படத்தை அழித்துவிட்டு அதன் இடத்தில் அமர்ந்தது. யன்னலில் இழுத்துப் போட்டிருந்தால், இப்பெயரில் ஒரு கோப்பு ஏற்கெனவே உள்ளது, மாற்றவா, விடவா என்று கேட்டு நின்றிருக்கும். கட்டளையோடு 'ஐ' என்னும் ஓர் எழுத்தைச் சேர்த்திருந்தால் கறுப்புத் திரையும் கேட்டிருக்கும். 'என்' என்று சேர்த்திருந்தால் கேளாமலே விட்டுவைத்திருக்கும். அந்த ஓரெழுத்தை நான் படித்திருக்கவில்லை.

இது நடந்ததே எனக்குத் தெரியாது. ஆவணியில் ஊர்க் கோயில் தேருக்குப் போய் அதே அட்டையில் 60 படங்கள் எடுத்தேன். புரட்டாதியில் அம்மா காலமானார். அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சிட வேண்டும். அதற்கு ஒரு படம் வேண்டும். அம்மா கமெராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சுபாவமுள்ளவர். கலியாண வீட்டில் பேத்தி ஏதோ சொல்ல, கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதை நான் எடுத்திருந்தேன். அன்றே கமெராவின் சிறு திரையில் தங்கைக்குக் காட்டியும் இருந்தேன். இப்போது உறையைத் திறந்தால் அந்தப் படம் இல்லை. மொத்தம் எத்தனை என்று பார்த்தேன், 803. பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் 612 ஐயும் 540 ஐயும் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். எத்தனை தரம் கூட்டினாலும் 1,152 தான் வந்தது. தங்கையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விறாந்தையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மருமகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவன் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "மாமா, அட்டையைக் கமெராவிலிருந்து கழற்றி வையுங்கள். இனி ஒரு படமும் அதில் எடுக்க வேண்டாம். நான் சனிக்கிழமை வருகிறேன்" என்று மாத்திரம் சொன்னான்.

அழித்த கோப்பு அட்டையிலிருந்து உடனே மறைந்துவிடுவதில்லை. வாக்காளர் இடாப்பில் பெயரை வெட்டுவது போன்றது அது. பெயர் வெட்டுப்பட்டாலும் ஆள் வீட்டிலே இருப்பார். புதியவர் ஒருவர் அவ்வீட்டுக்குக் குடிவரும்வரை பழையவரைத் தேடிப் பிடிக்கலாம். ஆகவேதான் இனிப் படம் எடுக்க வேண்டாம் என்றான். மீட்டவற்றையும் அதே அட்டையில் எழுதாமல் வேறு தட்டிலே எழுதினான். அதற்கு அவன் உபயோகித்தது போட்டோரெக் என்னும் இலவச நிரல். கறுப்புத் திரையில் வெள்ளெழுத்து; சுட்டிக்கு வேலையில்லை. அது இடாப்பைப் பார்ப்பதே இல்லை. ஒரு படக் கோப்பு எவ்வாறு தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துக்கொண்டு, அட்டையின் தலைப்பிலிருந்து கடைசிவரை வீடு வீடாகத் தட்டிப் பார்க்கும்.

படங்கள் வரத் தொடங்கின. ஆனால் பழைய பெயர்கள் இல்லை. பொருளற்ற இலக்கங்களே பெயராக வந்தன. கலியாணமும் தேரும் அதற்கு முந்திய சோறூட்டு விழாவும் கலந்து கிடந்தன. நல்லவேளையாக, எடுத்த நாளையும் நேரத்தையும் கமெரா படத்துக்குள்ளேயே எழுதி வைக்கிறது. அதைப் படித்து, அந்த நேரத்தையே கோப்புக்குப் பெயராகச் சூட்டும்படி மருமகன் ஒரு வரி எழுதினான்; சில நிமிடங்களில் யாவும் ஒழுங்காயின. அதையே சுட்டியினாற் செய்திருந்தால் எனக்கு ஒரு வாரம் சென்றிருக்கும். ஒரேயொரு வேடிக்கை: தங்கை கணவரின் கமெராக் கடிகாரம் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தபடியால், இரண்டையும் சேர்த்து அடுக்கியபோது தாலி கட்டி முடிந்த பிறகு மாப்பிள்ளை வாசலில் வந்து இறங்கினார். அவருடைய படங்கள் எல்லாவற்றையும் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ள இன்னொரு வரி போதுமாயிருந்தது.

கணக்குப் பார்த்தோம். போன 349 இல் 301 முழுதாகத் திரும்பியிருந்தன. 41 இன் இடத்திலே தேர்ப் படங்கள் குடியேறிவிட்டன. எஞ்சிய ஏழும் பாதி பாதியாக வந்தன; மேற்பகுதி தெளிவு, கீழே வெறுஞ் சாம்பல் நிறம்.

இதற்குமேல் கறுப்புத் திரையால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. நாளையும் நேரத்தையும் அதனிடம் கேட்கலாம். அம்மாவின் சிரிப்பு எந்தக் கோப்பில் உள்ளது என்று எப்படி எழுதிக் கேட்பது? அந்த நேரத்தில் எடுத்தவை நூற்றுக்கு மேல். தங்கை கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, சுட்டியைக் கையில் எடுத்து, சிறு சிறு படங்களாகத் திரை நிறைய விரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். மருமகன் அருகிலே பேசாமல் நின்றான். முன்பெல்லாம் சுட்டியைக் கண்டு நகைப்பவன் அவன்.

படம் அகப்பட்டது, பாதியாக வந்த ஏழில் அதுவும் ஒன்று. முகமும் வாயைப் பொத்திய கையும் இருந்தன. தோளுக்குக் கீழே சேலையும் இல்லை, பக்கத்தில் நின்ற பேத்தியும் இல்லை. அச்சகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்தவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்துவிட்டு, "கல்வெட்டுக்கு முகம் மட்டுந்தானே ஐயா வேண்டும்" என்று சொல்லித் தோளோடு வெட்டிக்கொண்டார்.